முதல் இருபது விநாடிகள்: ஒரு சிறு ஜெட் எஞ்சினின் பற்றவைப்பு பற்றிய மதிப்புரை

கோவையில் நான் பணியாற்றும் பொறியியல் கல்லூரியின் உந்துவிசை ஆய்வகத்துக்காக மூன்றாண்டுகளுக்கு முன்பு 80 நியூட்டன் உந்துவிசை தரும் வகுப்பைச் சேர்ந்த சிறு டர்போஜெட் எஞ்சின் ஒன்றை வாங்கினோம். பெரிய மாதிரி விமானங்களில் பொருத்துவதற்கென்று ஐரோப்பியப் பட்டறை ஒன்று செய்து விற்கும் எஞ்சின் அது. வரும்போது வாயுவால் பற்றவைக்கும் ஏற்பாட்டுடன் வந்தது. சென்ற ஆண்டு அதே எஞ்சினில், வேறொரு நிறுவனம் விற்கும் மண்ணெண்ணெய்ப் பற்றவைப்புத் தொகுப்பைப் பொருத்தினோம். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தை, அடுத்து வாங்க எண்ணும் ஆய்வகங்களுக்கும் ஆர்வலர்களுக்கும் உதவும் என்று கருதி இங்கே எழுதுகிறேன். நிறுவனங்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். நான் குறிப்பிடப்போகும் குறைகளில் பல, இந்த வகை எஞ்சின்கள் அனைத்துக்கும் பொதுவானவை.

விற்பனைத் தாள்களில் உந்துவிசை, எடை, எரிபொருள் செலவு, உச்சச் சுழற்சி வேகம் ஆகியவை பெரிய எழுத்துகளில் இருக்கும். பற்றவைப்பைப் பற்றி 'தானியங்கித் தொடக்கம்' என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் இருக்காது. ஆனால் இந்த எஞ்சின்கள் பழுதாவதும், உரிமையாளரின் பொறுமையைச் சோதிப்பதும், ஆபத்தை உண்டாக்குவதும் பெரும்பாலும் தொடக்கத்தின் முதல் இருபது விநாடிகளில்தான். ஓடத் தொடங்கிவிட்ட சிறு டர்பைன் மிகவும் அடக்கமான இயந்திரம். குளிர்ந்து கிடக்கும் எரிகலனில் முதல் தீயை நிலைநிறுத்துவதில்தான் அதன் வடிவமைப்பின் நிறைகுறைகள் அனைத்தும் வெளிப்படுகின்றன. ஆகவே இந்த மதிப்புரை முழுவதும் அதைப் பற்றியது.

எஞ்சினின் பரம்பரையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங் வீட்டுப் பட்டறையில் செய்யத்தக்க சிறு ஜெட் எஞ்சின்களை வடிவமைத்தவர். அவருடைய தொடக்ககால எஞ்சின்களில், காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் கம்ப்ரசர் சக்கரமே மரத்தால் செய்து கார்பன் இழையால் வலுவூட்டப்பட்டதாக இருந்தது. அந்த வழியில் வந்ததுதான் கேஜே66 என்னும் வடிவமைப்பு. பெயரில் உள்ள 66 என்பது கம்ப்ரசர் சக்கரத்தின் விட்டம், மில்லிமீட்டரில். டர்போசார்ஜரிலிருந்து எடுத்த மையவிலக்குக் கம்ப்ரசர் ஒன்று, வளைய வடிவ எரிகலன், ஒற்றை அடுக்கு அச்சுவழி டர்பைன், எரிகலனுக்குள் நீட்டியிருக்கும் ஆறு ஆவியாக்கிக் குழாய்கள் என்று அதன் அமைப்பு எளியது. எங்கள் எஞ்சின் சிற்சில மாற்றங்களுடன் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சுழலும். மிகக் குறைந்த ஓட்ட வேகமே நிமிடத்துக்கு 35,000 சுழற்சிகள்.

ஆவியாக்கிக் குழாய்தான் இந்தக் கதையின் நடுநாயகம். பெரிய எஞ்சின்களில் எரிபொருளை உயர் அழுத்தத்தில் நுண்ணிய துளைகளின் வழியே பீய்ச்சி, மூடுபனி போன்ற துளிகளாக்குகிறார்கள். சிறு எஞ்சினுக்குத் தேவையான எரிபொருளோ, முழு வேகத்திலும் நிமிடத்துக்குக் கால் லிட்டர் அளவுதான். தொடக்கத்தில் அதில் மிகச் சிறு பகுதி. அந்தச் சொற்ப ஓட்டத்தைப் பீய்ச்சித் தெளிக்க வேண்டுமானால் துளை முடியளவுக்குச் சிறுக்க வேண்டும். சிறு தூசியும் அதை அடைத்துவிடும். ஆகவே இந்த எஞ்சின்களில் ஊசிபோன்ற மெல்லிய குழாய்களால் எரிபொருளை ஆவியாக்கிக் குழாய்களுக்குள் விடுகிறார்கள். வெளியே எரியும் தீ அந்தக் குழாய்களைச் சூடாக்க, உள்ளே மண்ணெண்ணெய் ஆவியாகிக் காற்றுடன் கலந்து வெளியேறி எரிகிறது. மிக அழகான ஏற்பாடு. ஆனால் எரிந்துகொண்டிருந்தால்தான் அது எரியும். குழாய் குளிர்ந்திருக்கும்போது உள்ளே விட்ட மண்ணெண்ணெய், விட்டபடியே மறுமுனையில் சொட்டும்.

மண்ணெண்ணெய் எளிதில் பற்றக்கூடிய பொருள் என்று நாம் வீட்டு அனுபவத்தில் நினைத்துவிடுகிறோம். அடுப்பில் அது திரியில் ஏறி, திரியின் சூட்டில் ஆவியான பிறகுதான் பற்றுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். விமானங்களுக்கான ஜெட் ஏ-1 மண்ணெண்ணெயின் மேற்பரப்பில், தீ காட்டினால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி சேர, குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்பது அதன் தர விதி. அதற்குக் கீழே அதைப் பற்றவைக்க, நுண்துளிகளாக்க வேண்டும் அல்லது சூடாக்க வேண்டும். ஜெர்மனியின் ஜெட் முன்னோடி ஹான்ஸ் ஃபான் ஓஹைன் 1937-இல் தம் முதல் ஜெட் எஞ்சினை ஹைட்ரஜனில் ஓட்டிக் காட்டியதற்கும் திரவ எரிபொருளின் இந்தப் பிடிவாதமே காரணம். ஹைட்ரஜனைப் பற்றவைக்க வேண்டிய குறைந்தபட்சப் பொறியாற்றல், சாதாரண ஹைட்ரோகார்பன் வாயுக்களுக்கு வேண்டியதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே.

எரிகலன் சிறுத்தால் சிரமம் ஏன் கூடுகிறது என்று மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். எஞ்சினை அளவில் சுருக்கலாம். தீயின் குணங்களைச் சுருக்க முடியாது. இரண்டு உலோகச் சுவர்களுக்கு இடையே தீ அணையாமல் நிற்கத் தேவையான குறைந்தபட்ச இடைவெளி, சாதாரண காற்றழுத்தத்தில் ஹைட்ரோகார்பன்களுக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். எரிகலன் பீப்பாயளவு இருந்தாலும் டீ டம்ளரளவு இருந்தாலும் அந்த அளவு மாறாது. தேங்கிய கலவையில் தீ பரவும் வேகமும் விநாடிக்கு 40 சென்டிமீட்டர் என்ற அளவில்தான் இருக்கும். துளி ஆவியாக எடுக்கும் காலம் துளியின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததே தவிர எஞ்சினின் அளவைப் பொறுத்ததன்று. ஆனால் சிறு எரிகலனுக்குள் காற்று தங்கும் நேரமோ சில மில்லிவிநாடிகள்தான். கன அளவுக்கு ஒப்பிட்டால் சுவர்ப்பரப்பும் மிக அதிகம். இளம் தீயின் சூட்டைக் குளிர்ந்த தகடு உறிஞ்சிக்கொள்கிறது. இவை எல்லாவற்றையும் மீறித் தீ பிறக்க வேண்டும்.

பிறந்தாலும் போதாது. எரிகலன் ஆய்வில் முன்னோடியான ஆர்தர் லெஃபெவ்ர் பற்றவைப்பை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்: பொறியைச் சுற்றி ஒரு தீக்கரு உருவாதல், அது வளர்ந்து எரிமண்டலத்தில் நிலைபெறுதல், அங்கிருந்து எரிகலனின் எஞ்சிய பகுதிகளுக்குப் பரவுதல். இந்த மூன்றாவது கட்டத்தை நான் முன்பு பாடமாக மட்டுமே நடத்தியிருந்தேன். இந்த எஞ்சின்தான் அதைக் கண்ணுக்குக் காட்டியது.

இனி முதல் ஏற்பாடான வாயுப் பற்றவைப்புக்கு வருகிறேன். இதில் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலியை நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுழற்சிகளுக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். வேகம் மெல்லக் குறைகையில் சோலனாய்டு வால்வு திறந்து புரொப்பேன் பியூட்டேன் கலவை எரிகலனுக்குள் செல்லும். மின்சாரத்தால் பழுக்கும் சிறு கம்பிச்சுருளைக் கொண்ட குளோ பிளக் அதைப் பற்றவைக்கும். வேகத்தை இறங்குமுகமாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. காற்று மிக விரைவாக ஓடினால் தீக்கரு வளரும் முன்னே அடித்துச் செல்லப்படும், கலவையும் ஒல்லியாகிவிடும். இறங்கிவரும் வேகத்தில், எரியக்கூடிய கலவை அமையும் கணத்தை எஞ்சின் எப்படியும் ஒருமுறை கடந்தாக வேண்டும். அந்தக் கணத்தில் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு மெல்லிய 'பொப்' ஒலி கேட்கும். அதைத் தொடர்ந்து ஸ்டவ் எரிவதுபோன்ற சீரான முனகல். அந்த முனகல் கேட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆவியாக்கிக் குழாய்கள் சூடானதும் கட்டுப்பாட்டுப் பெட்டி மண்ணெண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, வாயுவை நிறுத்தி, ஸ்டார்ட்டரின் துணையுடன் வேகத்தை ஏற்றும்.

இந்த ஏற்பாட்டில் முதல் ஆண்டு எங்களைப் பாடாய்ப்படுத்தியது குளோ பிளக். மெத்தனாலில் ஓடும் மாதிரி விமான எஞ்சின்களுக்கென்று செய்யப்படும் சாதாரண பிளக்தான் இதிலும் பயன்படுகிறது. அந்த எஞ்சின்களில் மெத்தனால் ஆவி பிளாட்டினக் கம்பியின்மேல் வினையூக்கத்தால் தானே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும். இங்கே எரிவது வேறு வாயு என்பதால் அந்தத் துணையை நம்ப முடியாது. கம்பியே போதிய சூடாக இருந்தாக வேண்டும். மேலும், பிளக்கின் கம்பிச்சுருள் அதன் குழிக்குள் பதுங்கியே இருக்கும். எரிகலனின் கலவை அந்தக் குழிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே புதுப் பிளக் ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசியால் சுருளின் முனைச் சுற்றுகள் இரண்டு மூன்றை மெல்ல வெளியே இழுத்துவிட வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை இது. சற்றே அதிகம் இழுத்தால் கம்பி அறுந்துவிடும். இழுத்த பிறகு மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தால் வெளியே வந்த சுற்றுகள் மங்கிய சிவப்பில் நின்றுவிடும். நல்ல ஆரஞ்சு நிறம் வரும்வரை கட்டுப்பாட்டுப் பெட்டியில் அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் தொடக்ககாலத் தோல்விகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், அந்த ஒரு வரியை நாங்கள் போதிய மதிப்புடன் படிக்காததுதான்.

பிளக் சரியானபின் கோவையில் இந்த ஏற்பாடு மிகவும் நம்பகமாக நடந்துகொண்டது. ஊட்டியில்தான் அதன் எல்லை தெரிந்தது. அழுத்தம் குறைந்த இடத்தில் தொடக்கம் எப்படி இருக்கும் என்று மாணவர் திட்டப்பணி ஒன்றுக்காகப் பார்க்க விரும்பி, ஜனவரி மாதத்தில் ஒரு நண்பரின் பண்ணை வெளியில், உரிய அனுமதியுடன், சோதனை மேசையை இறக்கி வைத்தோம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. தீ நிற்கத் தேவையான சுவர் இடைவெளி அழுத்தத்துக்குத் தலைகீழ் விகிதத்திலும், குறைந்தபட்சப் பற்றவைப்பு ஆற்றல் அழுத்தத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்திலும் மாறுவதாகக் கொண்டால், கடல்மட்டத்தில் வேண்டியதைப்போல ஏறத்தாழ 1.7 மடங்கு ஆற்றல் அங்கே வேண்டும். இதை எதிர்பார்த்தே போயிருந்தோம். ஆனால் முதலில் எங்களைத் தோற்கடித்தது எரிகலன் அல்ல, வாயு டப்பா.

காலை ஆறரை மணிக்கு வெப்பமானி 6 டிகிரி காட்டியது. நாங்கள் கொண்டுபோயிருந்தவை முகாம் அடுப்புகளுக்கான பியூட்டேன் டப்பாக்கள். பியூட்டேனின் கொதிநிலை பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. கோவையின் 30 டிகிரியில் 2.8 பார் அளவு ஆவியழுத்தம் தரும் அதே டப்பா, 6 டிகிரியில் 1.3 பார் அளவையே தரும். வாயு வெளியேற வெளியேற அது மேலும் குளிர்ந்து அழுத்தம் இன்னும் இறங்கும். டப்பாவின் வெளிப்புறத்தில் பனித்துளி படர்வதைப் பார்த்துக்கொண்டே நான்கு முறை முயன்றோம். குளோ பிளக் ஆரஞ்சாக ஒளிர்ந்தது, வால்வு சொடுக்கியது, 'பொப்' மட்டும் வரவேயில்லை. பிறகு டப்பாவை வெதுவெதுப்பான நீர் நிறைந்த வாளியில் சிறிது நேரம் வைத்து எடுத்தபோது முதல் முயற்சியிலேயே பற்றியது. குளிர் இடங்களில் பயன்படுத்துவோர் புரொப்பேன் கலந்த டப்பாக்களையே வாங்க வேண்டும். புரொப்பேனின் கொதிநிலை பூஜ்யத்துக்கு 42 டிகிரி கீழே இருப்பதால் மலைக்குளிர் அதை ஒன்றும் செய்யாது. வெந்நீரோ, தீயோ, வேறு நேரடிச் சூடோ டப்பாவுக்கு ஒருபோதும் காட்டக்கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

பற்றியதென்று எழுதினேன், ஆனால் தொடக்கம் முழுமையடையவில்லை. எஞ்சினின் பின்னால் யாரும் நிற்கக்கூடாது என்பதால், பக்கவாட்டில் சாய்த்துவைத்த கைப்பேசியால் வெளியேற்ற வாயிலைப் படமெடுத்துக்கொண்டிருந்தோம். அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, எரிகலனின் வலது மேற்பகுதியில், பிளக் இருக்கும் பக்கத்தில் மட்டும், பிறைநிலாவைப்போல நீலத் தீ தெரிந்தது. எதிர்ப்பக்கம் இருட்டு. லெஃபெவ்ரின் மூன்றாவது கட்டம் நடக்கவில்லை. தீ பிறந்தது, நிலைபெற்றது, வளையத்தைச் சுற்றி வரவில்லை. வெளியேற்ற வெப்பநிலையை அளக்கும் ஒற்றைத் தெர்மோகப்பிள் இடது கீழ்ப்பகுதியில், அந்த இருட்டுப் பக்கத்தில் இருக்கிறது. அது 70 டிகிரியைத் தாண்டாததால் கட்டுப்பாட்டுப் பெட்டி 'தீ இல்லை' என்று முடிவுகட்டித் தொடக்கத்தை நிறுத்தியது.

அன்று மாலை என் குறிப்பேட்டில், 'தெர்மோகப்பிள் தவறான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, வடிவமைப்புக் குறை' என்று எழுதினேன். சில வாரங்கள் யோசித்தபின் அந்த வரியை அடித்துவிட்டேன். பிளக்குக்கு அருகில் அது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். பிறைத் தீயைக் கண்டதும் பெட்டி மனநிறைவுடன் ஆறு குழாய்களுக்கும் மண்ணெண்ணெயை விட்டிருக்கும். தீயில்லாத பக்கத்துக் குழாய்கள் அதைச் சொட்டாகவே எரிகலனின் அடியில் சேர்த்திருக்கும். பற்றவைப்பானுக்கு மிகத் தொலைவில் உள்ள இடத்தில் வெப்பத்தைப் பார்ப்பதென்பது, தீ வளையம் முழுவதும் சுற்றி வந்ததா என்று பார்ப்பதாகும். வடிவமைத்தவர் தெரிந்தேதான் அங்கே வைத்திருக்கிறார் என்று இப்போது நம்புகிறேன். எதிரெதிரே இரண்டு தெர்மோகப்பிள்கள் இருந்தால் இன்னும் நல்லது. தீ பிறக்கவில்லையா, பிறந்தும் பரவவில்லையா என்று பிரித்தறிய முடியும். இந்தப் பெட்டியில் இரண்டாவதற்கு இணைப்பு இல்லை என்பதே என் குறை.

அடுத்தது மண்ணெண்ணெய்ப் பற்றவைப்புத் தொகுப்பு. குளோ பிளக் இருந்த இடத்தில், விரல்கணு அளவுள்ள துளையிட்ட உலோகக் குழல் ஒன்று பொருந்துகிறது. அதனுள் பீங்கான் சூடேற்றி. முதலில் சூடேற்றி சில விநாடிகள் காய்கிறது. பிறகு சிறு வால்வு ஒன்று அதன்மேல் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. பழுத்த பீங்கானில் பட்ட எண்ணெய் உடனே ஆவியாகிப் பற்றுகிறது. இந்தச் சிறு விளக்கின் தீநாக்கு எரிகலனுக்குள் நீண்டு ஆவியாக்கிக் குழாய்களைச் சூடாக்குகிறது. வாயு டப்பா, அதன் குழாய், இணைப்புக் கசிவு எல்லாம் போயே போய்விட்டன. இந்த ஒரு காரணத்துக்காகவே பெரும்பாலோர் இதற்கு மாறுகிறார்கள். இன்று சந்தையில் உள்ள புதிய எஞ்சின்களில் பெரும்பாலானவை இம்முறையுடனேதான் வருகின்றன.

பற்றவைக்கும் திறனைப் பொறுத்தவரை இத்தொகுப்பு வாயுமுறையை விஞ்சுகிறது. குளோ பிளக்கின் மெல்லிய கம்பி ஒரு புள்ளியில் கலவையைத் தொடுகிறது. இதுவோ ஒரு தீயையே உள்ளே அனுப்புகிறது. அந்தத் தீ ஆற்றலிலும் பெரிது, இடத்தாலும் அகலமானது. காற்றோட்டம் சற்றுத் தடுமாறினாலும் அணைவதில்லை. இவ்வாண்டு மீண்டும் ஊட்டிக்கு எடுத்துச் சென்றபோது, அதே குளிரில் முதல் முயற்சியிலேயே பற்றியது. தெர்மோகப்பிள் தயங்கித் தயங்கி ஏறினாலும் ஏறியது. நிறுவனம் இதைச் சரியாகச் செய்திருக்கிறது என்பதை மனமாரச் சொல்ல வேண்டும்.

தோற்கும் விதத்தில்தான் இது வாயுமுறைக்குப் பின்தங்குகிறது. வாயு பற்றாவிட்டால், சில விநாடிகள் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் உள்ளே எதுவும் மிஞ்சாது. மண்ணெண்ணெய் பற்றாவிட்டால் அது உள்ளேயே கிடக்கும். பொருத்திய ஐந்தாம் மாதம் இதை நேரில் கண்டோம். சூடேற்றியில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. வழக்கமான சூட்டை அது எட்டவில்லை. மாணவர்கள் சூழ்ந்து நிற்க, தொடக்கப் பொத்தானை அழுத்தினேன். வெளியேற்ற வாயிலிலிருந்து வெண்புகை வந்தது. வெண்புகை என்றால் எண்ணெய் ஆவியாகிறது, எரியவில்லை என்று பொருள். பெட்டி முதல் முயற்சியைக் கைவிட்டது. நான் நிறுத்துவதற்குள் அதுவாகவே இரண்டாம் முயற்சியைத் தொடங்கிவிட்டது. இம்முறை பற்றியது. ஒரு மீட்டர் நீளத்துக்கு மஞ்சள் தீ பின்னால் நீண்டது. வெளியேற்ற வெப்பநிலை 800 டிகிரியைத் தாண்டியது. பெட்டி உடனே எரிபொருளை நிறுத்தியது. தீ நிற்கவில்லை. எரிகலனின் அடியில் தேங்கியிருந்த எண்ணெய் தன்னிச்சையாக எரிந்துகொண்டிருந்தது. ஸ்டார்ட்டரை நிறுத்தாமல் சுழற்றிக் காற்றை ஓட்டியதில் சில விநாடிகளில் அடங்கியது. கார்பன் டை ஆக்சைடு அணைப்பானைக் கையில் ஏந்தி ஓர் உதவியாளர் எஞ்சினின் முகப்பருகே நின்றிருந்தார். நல்லவேளையாக அதற்கு வேலை வரவில்லை. பொடி அணைப்பானை இந்த எஞ்சின்களுக்கு அருகில் கொண்டுவரவே கூடாது; தாங்கிகளும் (பேரிங்குகள்) சக்கரங்களும் அதோடு முடிந்துவிடும்.

அந்தச் சில விநாடிகளில் எனக்கு நினைவுக்கு வந்தது இங்கிலாந்தின் ரக்பி நகரம். 1937 ஏப்ரல் 12-ஆம் நாள் பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிராங்க் விட்டில் தம் முதல் ஜெட் எஞ்சினை அங்கே ஓட்டியபோது, அது கட்டுக்கடங்காமல் வேகமெடுத்து அலறியது, எரிபொருள் வால்வை மூடிய பின்பும் வேகம் ஏறியது, உடனிருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, முன்னதாகக் கசிந்த எரிபொருள் எரிகலனின் அடியில் குட்டையாகத் தேங்கியிருந்தது தெரிந்தது. அப்படித் தேங்காமல் வடிந்துபோக ஏற்பாடு செய்தார்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், மேசைமேல் வைக்கும் எஞ்சினில் அதே குட்டை அதே காரணத்துக்காகத் தேங்குகிறது. அதற்கு வடிகால் வைக்காமல், முயற்சிக்கும் முயற்சிக்கும் இடையே வடிய நேரமும் தராமல், தானாகவே மறுமுயற்சி செய்யும்படி அமைத்து விற்பது இந்தத் தொகுப்பின் மிகப் பெரிய குறை. கட்டுப்பாட்டுப் பெட்டியின் உள்பட்டியலில், தானாகச் செய்யும் முயற்சிகளின் மொத்த எண்ணிக்கையைக் குறைக்க வழி இருக்கிறது. ஆனால் நிறுவனம் அனுப்பும்போது அது மூன்று என்று இருக்கிறது. அது ஒன்று என்று இருக்க வேண்டும்.

சூடேற்றியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் உடல்நிலையை அறிய எளிய வழி மின்னோட்டத்தைப் பார்ப்பதுதான். புதிதாக இருந்தபோது எவ்வளவு இழுத்தது என்று குறித்து வைத்திருந்தால், குறையத் தொடங்கும்போதே மாற்றிவிடலாம். நாங்கள் குறித்து வைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு தொடக்கத்துக்கும் குறிக்கிறோம். மின்கலம் பாதிக்குமேல் தீர்ந்திருந்தாலும் சூடேற்றி நிறம் மங்கும். ஆகவே வாயுமுறையில் அத்தனை முக்கியமில்லாத மின்கலம், இம்முறையில் எரிபொருளுக்கு இணையான கவனத்தைக் கேட்கிறது.

எரிபொருள் பற்றிச் சுருக்கமாக: தாங்கிகளின் உயவுக்காக மண்ணெண்ணெயுடன் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு டர்பைன் எண்ணெய் கலக்க வேண்டும். அந்த எண்ணெய் சூடேற்றியின்மேல் கரியாகப் படியும் என்பதால், குழலைக் கழற்றித் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நியாயவிலைக் கடையின் நீல மண்ணெண்ணெயை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. அது இதற்கென்று தரப்படுவதும் அன்று. எதை ஊற்றினாலும் வடிகட்டியே ஊற்ற வேண்டும்.

கற்பித்தலுக்காக வாங்கும் ஆய்வகம் வாயுமுறை எஞ்சினைத் தேடி வாங்கலாம் என்பது என் கருத்து. பற்றவைப்பின் கட்டங்கள் ஒவ்வொன்றும் அதில் தனித்தனியே காதுக்கும் கண்ணுக்கும் தெரிகின்றன; தோற்றாலும் தீங்கின்றித் தோற்கிறது. அடிக்கடி ஓட்டுபவருக்கும், மலைப்பகுதியில் இருப்பவருக்கும், விமானத்தில் பொருத்திப் பறக்கவிடுபவருக்கும் மண்ணெண்ணெய்த் தொகுப்பே ஏற்றது. அவர்கள் உதிரிச் சூடேற்றி ஒன்றையும் சேர்த்தே வாங்கட்டும். எங்களுக்கு அது வந்துசேர ஏழு வாரம் ஆனது. பழைய எஞ்சினை வாங்குபவர் உந்துவிசை அளவுகளைக் கேட்பதோடு நில்லாமல், முந்தைய நாள் முதல் ஓட்டப்படாத, முற்றிலும் குளிர்ந்த எஞ்சினைத் தம் கண்ணெதிரே தொடங்கிக் காட்டச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஓடி ஆறிய எஞ்சினில் குழாய்கள் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். அதில் எந்தப் பற்றவைப்பானும் நல்ல பெயர் வாங்கிவிடும்.

எங்கள் எஞ்சினில் முயற்சிகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துவிட்டோம். கல்லூரிப் பட்டறையில் சோதனை மேசைக்கு ஒரு கீல் வைத்து, எஞ்சினின் முகப்பை 15 டிகிரி உயர்த்திப் பின்பக்கமாகச் சாய்க்க வழி செய்தோம். தொடக்கம் ஒன்று தோற்றால், அடுத்ததற்கு முன் சாய்த்து, வெளியேற்ற வாயிலின் கீழே எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை வைத்து இரண்டு நிமிடம் காத்திருக்கிறோம். தேங்கியது எவ்வளவு என்று அளந்து பதிவேட்டில் 'கிண்ணம்' என்ற பத்தியில் எழுதுகிறோம். விரிசல் விட்ட சூடேற்றியை மாற்றிய பிறகு அந்தப் பத்தியில் இருமுறை சில சொட்டுகள் பதிவாகியிருக்கின்றன. இரண்டு நாளும் மின்கலத்தை முழுமையாக ஏற்றாத நாள்கள்.